அமிர்த யோகத்தில் அணைந்த கணினி

எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கணினி பாகம் சேர்த்துப் பூட்டப்பட்ட அன்று, நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதனுடன் வந்த விளக்கப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கல்வி அலுவலகம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு வேலை நடக்கிற இடத்தில் அதற்குரிய விதிகளை யாராவது உரத்து வாசிக்காவிட்டால், அது வேலையாகவே எனக்குத் தோன்றாது.

பூட்டிக்கொண்டிருந்தவள் என் மகள். கொழும்பில் கட்டட வரைபடம் வரைகிற கம்பெனி ஒன்றில் வேலை. கணினியைப் பாகம் பாகமாக அங்கேயே வாங்கி, பஸ்ஸில் மடியிலும் காலடியிலுமாக வைத்து ஹட்டனுக்குக் கொண்டுவந்திருந்தாள். சீனி டின்னில் சாய்த்து வைத்த கைபேசியில் யாரோ ஒருவர் கணினி பூட்டும் முறையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு திருகாணியைக் கையில் எடுப்பதற்குள் நான் இரண்டு எச்சரிக்கைகளை வாசித்து முடித்திருப்பேன்.

"அம்மா, இப்ப வாசிக்கிறது கடைசிப் பக்கம். கம்ப்யூட்டர் பழசானா குப்பையில எப்பிடிப் போடணும்னு இருக்கு."

"அதையும் தெரிஞ்சு வச்சிக்கிறது நல்லதுதானே."

"இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள கருமாதிக்கு ஏற்பாடா?"

அவளுக்கு என் வாய். அவள் அப்பாவின் வாய் வந்திருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியை நம்பி என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகள் பல வருடங்களாகக் கொழும்பில் ஓர் அறையில் இன்னும் இரண்டு பெண்களுடன் தங்கியிருந்தாள். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். வீட்டில் நல்ல கணினி வைத்திருந்தால் ஹட்டனில் இருந்தபடியே வேலை செய்யலாம் என்று கம்பெனி கடைசியில் இறங்கி வந்திருந்தது. திங்கட்கிழமை காலை, வீட்டுக் கணினியில் அவர்களுடைய பெரிய வரைபடம் ஒன்றைத் திறந்து, அவர்கள் இணையம் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருத்திக் காட்ட வேண்டும். காட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அந்தச் சுவருக்கே திரும்பிப் போக வேண்டும். அறையின் சொந்தக்காரியான சிங்கள அம்மா, அறை வேண்டுமா வேண்டாமா என்று ஞாயிறு மாலைக்குள் சொல்லிவிடும்படி கேட்டிருந்தார். அறைச் சாவி எங்கள் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. மகள் அதைப் பார்ப்பதில்லை. அவள் அப்பாதான் நாளும் திதியும் பார்க்கிற சாக்கில் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் டீமேக்கராக இருந்தவர். கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியே போகும் வரைக்கும் உள்ள எல்லா இயந்திரங்களும் அவர் பொறுப்பு. ஆயுத பூஜை அன்று ரோலருக்கும் டிரையருக்கும் சல்லடை மெஷினுக்கும் அவர் கையால் சந்தனப் பொட்டு வைப்பார். எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட மாட்டார். சுவிட்சில்தான் வைப்பார். "சுவிட்சுதானே மெஷினுக்கு முகம். முகத்துல வைக்காம முதுகுலயா வைப்பாங்க?" என்பார். தொழிற்சாலைச் சுவிட்சுகள் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பிடிகள். ஒரு வாளி சந்தனத்தை ஊற்றினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசித் திருகாணியும் ஏறியது. மகள் பிளக்கைச் செருகிவிட்டு விரலை நீட்டினாள். நாட்காட்டித் தாளோடு அவர் வந்து நின்றார்.

"பாப்பா, கைய எடு. இன்னிக்கு மரண யோகம்."

"சும்மா லைட் எரியுதான்னு பாக்குறேம்பா."

"நாளைக்குப் பாரு. காலையில அமிர்த யோகம். ராகு காலத்துக்கு முன்னாடி போட்டுறலாம்."

"ஏங்க, மரண யோகத்துல பூட்டலாம், போடத்தான் கூடாதா?" என்றேன் நான்.

"பூட்டுறது வேற, போடுறது வேற. ரோலரப் பூட்டுன அன்னிக்கே கொழுந்தக் கொட்டுவாங்களா?"

இதற்கு என்னிடம் சுற்றறிக்கை எதுவும் இல்லை. கணினி அன்றைக்குப் போடப்படவில்லை. ஆனால் மரண யோகத்தில் பூஜை செய்யத் தடை ஏதும் இல்லை போலிருக்கிறது. விளக்கேற்றும் நேரத்தில் ஊதுபத்தி, பூ, சந்தனக் கிண்ணம் எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறின. அந்தக் கேசிங்கின் முன்பக்கம் கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தது. அதன் நடுவில் வட்டமாக ஒரே ஒரு பட்டன். அதை வடிவமைத்தவர் எங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும், பொட்டுக்கென்றே இடம் அளந்து விட்டிருந்தார். என் கணவர் ரோலருக்கு வைக்கிற அளவில் சந்தனத்தை எடுத்துப் பட்டனில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மேலே போட்ட மாலை காற்றுத் துளைகளை மூடுகிறது என்று மகள் அதை மட்டும் எடுத்துவிட்டாள். பொட்டைத் தொடவில்லை. அதைத் தொடுகிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் படித்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அமிர்த யோகம் பிறந்தது. முதல் அழுத்து தன்னுடையதுதான் என்று அவர் குளித்து, வேட்டி கட்டி வந்து நின்றார். கண்ணை மூடி, கட்டை விரலை வைத்து, டிரையர் போடுகிற பலத்தில் அழுத்தினார்.

உள்ளே விசிறிகள் சுழன்றன. நீல விளக்கு எரிந்தது. இரண்டு மூச்சு பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் கையைத் தட்டத் தூக்கினாள். அந்தக் கைகள் ஒன்றையொன்று சேர்வதற்குள் விளக்கு அணைந்து, விசிறிகள் தளர்ந்து நின்றன.

"நின்னுருச்சே," என்று அவர் கண்ணைத் திறந்தார். "கரண்ட் போச்சா?"

தலைக்கு மேல் மின்விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. மகள் மறுபடி அழுத்தினாள். ஒன்றும் இல்லை. நான் அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பெரியவர் ஒருவர் அழுத்தினால் பயப்படும் என்று நினைத்தோ என்னவோ, அவர் இன்னொரு தடவை அழுத்தினார். அதற்குப் பிறகு அது மூச்சுக் காட்டவில்லை.

பழைய இயந்திரம் நின்றுபோனால் நேற்று எப்படி இருந்தது என்று கேட்கலாம். இதற்கு நேற்று கிடையாது. எந்தப் பாகம் சரி, எந்தப் பாகம் பிழை என்று சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் கேட்குமா, மெத்தென்று இருக்குமா என்பதுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு உற்சாகம் பிறந்தது. குழப்பம் என்று ஒன்று இருந்தால்தான் நடைமுறைக்கு மரியாதை.

எளிதான இடத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பார்த்தோம், சூடேறியது. வயரை மாற்றினோம். கணினியின் முதுகில் இருந்த சின்னச் சுவிட்சை அணைத்துப் போட்டோம். மகள் பக்கக் கதவைக் கழற்றி, உள்ளே இருந்த ஒவ்வொரு வயரையும் பிடுங்கி மறுபடி செருகினாள். நான் வாசித்தேன், அவள் செய்தாள், அவர் கவலைப்பட்டார். மூன்று பேருக்கும் வேலை சமமாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர் பட்டனை அழுத்திப் பார்ப்போம். அழுத்திய விரலோடு அடுத்த காரியத்துக்குப் போவோம். மத்தியானத்துக்குள் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும், மின்விளக்குச் சுவிட்சிலும், என் கண்ணாடிக் கம்பியிலும், விளக்கப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் குங்கும ரேகை பதிந்திருந்தது.

அப்போது எனக்கு ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை ஞாபகம் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குக் கணினி அறை கொடுத்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். மேளம் இருந்தது, மாலை இருந்தது, ஆரத்தி இருந்தது. அந்த அறைச் சுவரில் பிளக் மட்டும் இல்லை. பிளக் வைப்பது வேறு பகுதியின் வேலை என்று கோப்பில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அது சரியான குறிப்பும்கூட. பாடசாலை அதிபர் களவுக்குப் பயந்து அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு பரிசோதனைக்குப் போனபோது எல்லாம் பொலித்தீன் உறையோடு, உறைக்கு மேல் வைத்த பொட்டோடு அப்படியே இருந்தன. எங்கள் கல்வி வலயத்திலேயே ஒரு பழுதும் காட்டாத கணினிகள் அவைதான். அந்தப் பாடசாலைக்குப் பராமரிப்பில் நல்ல பெயர் கிடைத்தது.

மகள் கொழும்புக் கடைக்குப் போன் போட்டாள். பெட்டி, ஸ்டிக்கர், உறை எல்லாவற்றோடும் கொண்டுவந்தால் சோதித்துப் பார்ப்பார்களாம். அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆகுமாம். அவள் திங்கட்கிழமைக்கு வேண்டும் என்றாள். எந்தத் திங்கட்கிழமை என்று அங்கே கேட்டார்கள்.

எனவே ஹட்டன் பஜாரில் கணினிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பரிடம் போவது என்று முடிவாயிற்று. என் கணவருக்கு அவர் நானா, அதாவது அண்ணன். அவருக்கு என் கணவர் டீமேக்கர் ஐயா. கடையின் முக்கால்வாசி இடத்தில் கைபேசி உறைகள் தொங்கும். மீதி இடத்தில் அவர் கணினி திருத்துவார். மூடுபனியும் தூறலுமாக இருந்ததால் பெட்டியை என் கம்பளிப் போர்வையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

நானா பெட்டியை மேசையில் வைத்து முன்பக்கத்தைப் பார்த்தார். விரலை நீட்டினவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஐயா, சாமி பொட்டு வச்சிருக்கீங்க. இதுல கை வைக்கலாமா?"

"அதுக்கென்ன நானா, அழுத்துங்க."

"இல்ல, அழிஞ்சிறக் கூடாதில்ல. நீங்க ஒரு நம்பிக்கையில வச்சிருப்பீங்க."

சொல்லிவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் பொட்டுக்கு நோகாமல் நடுவில் மெல்லத் தொட்டார். பெட்டி பேசவில்லை. இன்னொரு தடவை தொட்டார். பிறகு பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஊதினார். மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் ஓடி நின்னுச்சின்னு சொன்னீங்கல்ல?"

"ஓடிச்சு, நின்னுச்சு," என்றாள் மகள்.

"அப்ப போர்ட் ஷார்ட். இல்லாட்டிப் பவர் சப்ளை. ரெண்டுல ஒண்ணு. இல்லாட்டி ரெண்டும்."

"சோதிச்சுப் பார்க்கிற கருவி இருக்கா?" என்றேன்.

"அனுபவம் இருக்கு மேடம். வச்சிட்டுப் போங்க. செவ்வாய், புதன் ஆகும்."

மகள் என்னைப் பார்த்தாள். வேறு வழி இல்லை என்று அந்தப் பார்வை சொன்னது. வைத்துவிட்டுப் போகலாம் என்றே நானும் நினைத்தேன். ஆனால் ஒரு பொருளைக் கையளித்தால் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். நானா ஒரு பில் புத்தகத்தைத் தேடி எடுத்து 'கம்ப்யூட்டர் 1' என்று எழுதிக் கொடுத்தார்.

"உள்ளே என்னென்ன பாகம் இருக்குன்னு எழுதலையே."

"கம்ப்யூட்டர்னா எல்லாம் இருக்கும்தானே மேடம்?"

"ஒவ்வொரு பாகத்துக்கும் தொடர் இலக்கம் இருக்கு. நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க. கையளிக்கும்போது இருந்த நிலைன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து, திகதி."

நானா என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கைபேசி உறைகளைப் பார்த்தார்.

"மேடம், நான் கோவிச்சிக்கல்ல," என்றார் நானா கடைசியில், கையைக் குவித்துக்கொண்டு. "நீங்க எடுத்துட்டே போயிருங்க. ஒங்களுக்குச் சரிப்படுற மாதிரி கொழும்புலதான் செய்வாங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் போர்வைக்குள் இருந்த பெட்டி வளைவுகளில் என் விலாவில் இடித்துக்கொண்டு வந்தது.

"இருந்த ஒரு ஆளையும் வெரட்டிட்டீங்க," என்றாள் மகள் வீட்டு வாசலில்.

"அனுபவத்தை வச்சு ரெண்டு பாகத்தையும் மாத்தியிருப்பார். நீயே சொல்லு, ரெண்டில் எதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதனால் இஞ்சித் தேநீர் போடப் போனேன்.

மாலையில் இடி இடித்தது. மலையில் இடி என்றால் வீட்டிலிருக்கிற எல்லாப் பிளக்கையும் பிடுங்குவோம். அவர் பிடுங்கிக்கொண்டே வந்து, செத்துக் கிடக்கிற கணினியின் பிளக்கையும் மரியாதையோடு பிடுங்கினார். அப்போதுதான் நாட்காட்டிப் பக்கம் போன மகள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். பையின் சிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் காலி ஆணியைப் பார்த்தபடி நின்றார். பிறகு கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, விபூதி கொண்டுவந்தார். அதையும் எங்கே பூசினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கப் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு விசாரணை தோற்றுப்போனால் புதிய சாட்சியைத் தேடி அலைவதைவிட, பழைய வாக்குமூலத்தை நிதானமாக வாசிப்பது பயன் தரும். இதை நான் அலுவலகத்தில் கற்றேன். அங்கே அதற்குள் குற்றவாளி ஓய்வு பெற்றுப் போயிருப்பார் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை உரத்து வாசித்துவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி வந்தது. கணினி உறைந்துபோய்ச் சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால், பட்டனைச் சில வினாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கவும், அது கட்டாயமாக அணைந்துவிடும் என்று இருந்தது. வரிக்குப் பக்கத்தில் யாருடைய கட்டை விரலோ சிவப்பாகப் பதிந்திருந்தது.

"இங்க வா," என்றேன். "சனிக்கிழமை அது எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"ரெண்டு மூணு மூச்சு விடுற நேரம். ஏன்?"

"பட்டனை அழுத்திப் பிடிச்சா அணைக்கிறதுக்கும் அவ்வளவு நேரம்தான் எடுக்குமாம்."

"அப்பா அழுத்திட்டுக் கைய எடுத்துட்டாரே. யாரு புடிச்சிக்கிட்டு இருந்தா?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே புத்தகத்தில், பட்டனிலிருந்து போர்டுக்கு வருகிற வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் இருக்கிற இரண்டு சின்னக் கம்பிகளைத் திருப்புளி நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால், பட்டன் இல்லாமலே கணினி தொடங்கும் என்று இருந்தது. நேற்று நான் அதை வாசித்தபோது என் கணவர் எழுந்து நின்று தடை போட்டிருந்தார். கரண்ட் உள்ள பெட்டிக்குள் திருப்புளியை விட்டு மகளைப் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை.

இப்போது அவர் பின்பக்கம் வெந்நீர் போடப் போயிருந்தார். மகள் சிலிப்பரைப் போட்டுக்கொண்டாள். நான் அவளுக்குக் காய் நறுக்குகிற பலகையைக் கொடுத்து அதன் மேல் நிற்கச் சொன்னேன். அந்தக் கம்பிகளில் எறும்பைக் கொல்லக்கூடிய மின்சாரமும் இல்லை என்று புத்தகம் சொல்லியிருந்தது. ஆனால் புத்தகத்துக்கு ஒரே மகள் இல்லை.

அவள் வயரைப் பிடுங்கினாள். திருப்புளி நுனியைக் கம்பிகளில் வைத்து எடுத்தாள்.

விசிறிகள் சுழன்றன. விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. அது ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் வெள்ளை எழுத்து வந்தது. மகள் பலகையிலிருந்து இறங்காமலே அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். எந்த வரிசையில் என்று கவனிக்கவில்லை.

பிறகு கைபேசி வெளிச்சத்தைப் பட்டனுக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா, இது உள்ளேயே நிக்கிது."

பட்டனைச் சுற்றி நகம் நுழையாத ஓர் இடுக்கு இருந்தது. அந்த இடுக்கு முழுவதும் சந்தனம். வெள்ளிக்கிழமை ஈரமாக இறங்கி, சனிக்கிழமை காலை அவருடைய டிரையர் அழுத்தில் பட்டனோடு உள்ளே போய், அங்கேயே காய்ந்து, பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு நாங்கள் எல்லோரும் அழுத்தியது ஏற்கெனவே அழுந்தியிருந்த பட்டனை. மூடிய கதவை மேலும் மேலும் மூடிக்கொண்டிருந்தோம். பொட்டைத் துடைத்துப் பார்த்திருந்தால் நானாவின் கடையில் அது அங்கேயே தெரிந்திருக்கும். அவருடைய மரியாதை தடுத்துவிட்டது. எங்களை எங்கள் பக்தி தடுத்துவிட்டது. எனக்குப் பக்தி குறைவு, அதனால் எனக்குச் சாக்கும் இல்லை.

"அப்பாகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றாள் மகள் மெல்ல.

"ஒரு வயர் லூசா இருந்துச்சுன்னு சொல்லலாம்," என்றேன். அலுவலகத்தில் பல மனிதர்களை நான் அந்த வயரால் காப்பாற்றியிருக்கிறேன்.

"அப்பிடிச் சொன்னா அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வைப்பாரு."

அதுவும் உண்மை. அவர் வெந்நீர் வாளியோடு உள்ளே வந்தார். ஓடுகிற கணினியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியா, அர்ச்சனை வீண் போகல!"

"அப்பா," என்றாள் அவள். "ஒங்க சந்தனம் பட்டன்ல எறங்கி இறுகிருச்சு. அதான் நின்னுச்சு. வேற ஒரு கோளாறும் இல்ல."

அவர் வெளிச்சத்தை வாங்கி நெருக்கமாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நீ நாளைக்குப் போயிருப்ப," என்றார். "நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேன்."

மகள் அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். நல்லவேளை, அவருக்கே ஆறுதல் கிடைத்துவிட்டது.

"முன்ன மாதிரி கட்டையில அரைச்ச சந்தனமா இது? டப்பா சந்தனம். என்னத்தையோ கோந்தக் கலந்து விக்கிறானுங்க."

"ஆமாப்பா."

"அரைச்ச சந்தனம்னா உதிர்ந்திருக்கும்."

"உதிர்ந்திருக்கும்பா."

பட்டனை நான் சுத்தம் செய்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். குச்சிகள் மஞ்சளாக, பிறகு வெளிர் மஞ்சளாக, பிறகு வெள்ளையாக வந்தன. கடைசியில் பட்டன் ஒரு சின்ன 'டிக்'குடன் வெளியே குதித்தது. அந்தச் சத்தத்தை நாங்கள் மூவரும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டோம். வயரை மாட்டி மகள் அவரையே அழுத்தச் சொன்னாள். சூடான தட்டைத் தொடுவதுபோல் விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அது ஓடியது.

ஞாயிறு மாலை சிங்கள அம்மாவுக்கு அவள் போன் செய்து அறை வேண்டாம் என்றாள். இன்னும் வேலை உறுதியாகவில்லையே, ஒரு நாள் பொறுத்துச் சொல்லலாமே என்று நான் நடைமுறை சொன்னேன். இந்த வீட்டில் நான் சொல்கிற எல்லாவற்றையும் யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் பார்த்திருக்க வரைபடத்தைத் திறந்தாள், திருத்தினாள். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள், பிறகு சரி என்றார்கள். சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டை வைத்திருக்கிறேன்.

கோயில் கமிட்டியில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது என்று கேள்வி. கொழும்பில் ஏதோ கோளாறான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள், டீமேக்கர் ஐயா ஸ்பிரிட் போட்டுத் திருத்தினார் என்று அங்கே சொல்கிறார்களாம். அவர் மறுக்கவில்லையாம். நானா ஒரு நாள் வழியில் கண்டு, கணினி என்ன ஆயிற்று என்று கேட்டார். போர்டா, பவர் சப்ளையா என்று அறிய ஆசைப்பட்டார். இரண்டும் இல்லை, பட்டன் என்றேன். "நான் அன்னிக்கே நெனச்சேன் மேடம்," என்றார். நினைத்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம், கணினியை மாற்றி வைத்திருந்த தன் அறையில் மகள் வேலையில் இருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கிண்ணத்தில் இந்தத் தடவை அரைத்த சந்தனம். எங்கிருந்தோ கட்டை வாங்கி வந்திருந்தார். வைக்காமல் போக அவரால் முடியாது, வைக்க விட என்னால் முடியாது. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எங்கள் இருவருக்கும் நடுவில் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பொட்டு மேசைக்கால்ல வைக்கலாம்," என்றேன். "அதுக்கு மேல எங்கயும் வைக்கக் கூடாது. இது இறுதியான அறிவுறுத்தல்."

அவர் கொஞ்சம் யோசித்தார். தலையாட்டினார். பிறகு முழங்கால் வலியோடு குனிந்து, நாற்காலிக்கு அடியில் நுழைந்து, மகளின் காலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நான்கு காலுக்கும் வைத்தார்.